அவெரோன் முதல் அடையாறு வரை: வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் கல்வி வரலாறு

வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான கல்வி ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்க் காஸ்பார் இட்டார்ட் பாரீஸில் ஒரே ஒரு சிறுவனுக்குக் கற்பித்த முயற்சி இதன் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அவருடைய வழியில் எட்வார்ட் செகுவின் ஒரு முழுமையான கற்பித்தல் முறையை அமைத்தார். இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அதை வளர்த்தெடுத்து எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாக்கினார். இன்று தமிழகத்தின் மழலையர் பள்ளிகளில் காணப்படும் உப்புத்தாள் எழுத்துகளும், பொத்தான் மாட்டிப் பழகும் சட்டங்களும் இந்த மரபிலிருந்து வந்தவை.

இவ்வரலாற்றில் ஒரு முரண் உண்டு. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளிடமிருந்து கற்ற முறை உலகெங்கும் பிற குழந்தைகளுக்குச் சென்று சேர்ந்தது. ஆனால் அக்குழந்தைகளே நெடுங்காலம் பள்ளிக்கு வெளியே நின்றனர். அவர்களின் குடும்பங்களும் இக்கல்வியில் பங்குபெறாமல் விலக்கப்பட்டிருந்தன. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெற்றோர் அமைப்பாகத் திரண்ட பின்னரே அந்நிலை மாறத் தொடங்கியது.

சொற்கள்

பழைய மருத்துவ நூல்களிலும் சட்டங்களிலும் இக்குழந்தைகளைக் குறிக்க வழங்கிய சொற்கள் பல இன்று வசைச்சொற்களாகிவிட்டன. ‘இடியட்’ என்பது 19-ஆம் நூற்றாண்டில் ஒரு மருத்துவக் கலைச்சொல். தமிழில் மந்தபுத்தி, மூளை வளர்ச்சி குன்றியவர், மனவளர்ச்சி குன்றியவர் என்னும் சொற்கள் அடுத்தடுத்து வழங்கின. இன்று அறிவுசார் குறைபாடு என்னும் சொல் பயன்படுத்தப்படுகிறது. வளர்ச்சிக் குறைபாடு என்பது அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் நோய்க்குறி போன்றவற்றைச் சேர்த்துக் குறிக்கும் பொதுச்சொல். இக்கட்டுரையில் பழைய சொற்கள் வரலாற்றுக் குறிப்பாக மட்டுமே இடம்பெறுகின்றன.

அவெரோன் சிறுவன்

1800-ஆம் ஆண்டு ஜனவரியில் தெற்கு பிரான்சின் அவெரோன் பகுதியில் செயின்ட் செர்னின் என்னும் ஊரருகே ஒரு சிறுவன் பிடிபட்டான். பன்னிரண்டு வயது மதிக்கத்தக்கவன். பேச்சு இல்லை. அதற்கு முன் சில ஆண்டுகள் காட்டில் தனியே அலைவதைச் சிலர் பார்த்திருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் பாரீஸில் இருந்த காதுகேளாதோர் பள்ளிக்கு அவன் கொண்டுவரப்பட்டான். நாகரிகம் தொடாத மனிதன் எப்படி இருப்பான் என்று பார்க்க மக்கள் கூட்டம் கூடியது. உடலை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, எவரையும் நோக்காமல் அமர்ந்திருந்த சிறுவனைக் கண்டு ஆர்வம் இழந்து திரும்பியது.

அக்காலத்தின் புகழ்பெற்ற மனநல மருத்துவர் ஃபிலிப் பினெல் அவனை ஆராய்ந்து, பிறவியிலேயே அறிவு குன்றியவன், கற்பித்துப் பயனில்லை என்று கருதினார். அப்பள்ளியின் மருத்துவராக இருந்த இட்டார்ட் அதை ஏற்கவில்லை. அவருக்கு அப்போது வயது இருபத்தாறு. சிறுவனின் நிலைக்குக் காரணம் மனிதத் தொடர்பு இல்லாமல் வளர்ந்ததே, ஆகவே கல்வியால் அதைச் சரிசெய்ய முடியும் என்று அவர் நம்பினார். அவனுக்கு விக்டர் என்று பெயரிட்டார். ‘ஓ’ என்னும் ஒலிக்கு அவன் திரும்பிப் பார்த்ததே அப்பெயருக்குக் காரணம். பிரெஞ்சு உச்சரிப்பில் விக்டர் என்னும் பெயரில் அவ்வொலி உண்டு.

இட்டார்டின் முறை கூர்ந்து கவனிப்பதில் தொடங்கியது. அருகில் துப்பாக்கி வெடித்தாலும் விக்டர் அசையவில்லை, வாதுமைக்கொட்டை உடையும் சிறு ஓசைக்கு உடனே திரும்பினான். அவனுக்குச் செவித்திறன் இருக்கிறது, தனக்குத் தேவையானதை மட்டுமே கேட்கிறான் என்று இட்டார்ட் புரிந்துகொண்டார். கொதிக்கும் நீரில் கிடக்கும் உருளைக்கிழங்கைக் கையால் எடுப்பவனாக அவன் இருந்தான். தினமும் நீண்ட நேரம் வெந்நீரில் குளிக்கவைத்ததும் மெல்ல வெப்பமும் குளிரும் உணரத் தொடங்கினான். குளிர் உறைத்த பிறகு தானே ஆடை அணியக் கற்றான். முதலில் புலன், பிறகு தேவை, அதன் பிறகே சொல் என்னும் வரிசை இவ்வாறு உருவானது.

அடுத்து எழுத்துகள். பொருள்களின் உருவத்தைப் பலகையில் வரைந்து அதனதன் மேல் பொருளை மாட்டுவது, வண்ண வடிவங்களைப் பொருத்துவது என்று படிப்படியாகச் சென்று, உலோகத்தாலான எழுத்துகளை இட்டார்ட் அறிமுகப்படுத்தினார். பாலுக்கான பிரெஞ்சுச் சொல்லின் நான்கு எழுத்துகளை அடுக்கக் கற்ற விக்டர், சில நாட்களுக்குப்பின் வழக்கமாகப் பால் அருந்தும் வீட்டுக்குச் சென்றபோது அந்த எழுத்துகளைத் தன் பையில் எடுத்துச்சென்று மேசையில் அடுக்கிக் காட்டினான். எவரும் சொல்லாமல் அவன் செய்த செயல் அது.

தோல்விகளையும் இட்டார்ட் மறைக்காமல் எழுதினார். ‘புத்தகம்’ என்னும் சொல்லைக் கற்ற விக்டருக்கு அது ஒரே ஒரு புத்தகத்தின் பெயராகவே இருந்தது. அந்தப் புத்தகம் கைக்கு எட்டாதபோது வேறு புத்தகங்கள் எதிரே இருந்தும் அவனால் எடுத்துத் தர முடியவில்லை. அதைக் கடந்ததும் எதிர்த்திசையில் பிழை செய்தான். தூரிகையும் துடைப்பமும் அவனுக்கு ஒன்றாயின. ஓர் இடத்தில் கற்றதை வேறு இடத்துக்குக் கொண்டுசெல்வதில் உள்ள இந்த இடர்பாடு இன்றும் சிறப்புக் கல்வியின் முதன்மையான சிக்கல்களில் ஒன்று. பள்ளியில் எண்ணத் தெரிந்த குழந்தை கடையில் எண்ணத் தடுமாறுவதை ஒவ்வொரு சிறப்பாசிரியரும் அறிவார்.

இட்டார்டின் வழிமுறைகள் அனைத்தும் மென்மையானவை அல்ல. பாடத்தின்போது வெறிகொண்ட விக்டரை அவன் அஞ்சும் உயரமான சன்னலுக்கு வெளியே பிடித்து அடக்கியதை அவரே பதிவுசெய்திருக்கிறார். அதன் பின் சிறுவன் அழுதான். இன்று எந்தப் பள்ளியிலும் ஏற்கப்படாத செயல் அது.

1801-லும் 1806-லும் இட்டார்ட் இரண்டு அறிக்கைகள் எழுதினார். விக்டர் பேசவில்லை. அந்த அளவில் முயற்சி தோல்வி என்றே அவர் கருதினார். விக்டர் ஆட்டிசம் உடையவனாக இருந்திருக்கலாம் என்று உளவியலாளர் உட்டா ஃப்ரித் பிற்காலத்தில் வாதிட்டார். விக்டரைப் பற்றி விரிவாக ஆராய்ந்த ஹார்லன் லேன் அக்கருத்தை ஏற்கவில்லை. பிரெஞ்சு இயக்குநர் ஃப்ரான்சுவா ட்ரூஃபோ 1970-ல் இவ்வரலாற்றைத் திரைப்படமாக்கி, இட்டார்டாகத் தாமே நடித்தார்.

கெரின் அம்மையார்

இட்டார்டின் அறிக்கைகளில் ஓரமாக ஒரு பெண் வருகிறார். விக்டரைப் பராமரிக்க நியமிக்கப்பட்ட கெரின் அம்மையார். இட்டார்ட் பாடம் நடத்திய நேரம் போக மீதி நாள் முழுவதும் விக்டர் அவரிடம் இருந்தான். உணவு, குளியல், உலாவல் எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு தாயின் பொறுமையும் நல்லாசிரியரின் அறிவும் கொண்டவர் என்னும் பொருளில் இட்டார்ட் அவரைப் பாராட்டியிருக்கிறார்.

விக்டரின் மாற்றங்களில் இட்டார்டே வியந்து எழுதிய ஒன்று பாடவேளையில் நிகழவில்லை. தினமும் சாப்பாட்டு மேசையில் தட்டுகளை அடுக்குவது விக்டரின் வேலை. கெரின் அம்மையாரின் கணவர் இறந்த அன்றும் அவருக்குரிய இடத்தில் வழக்கம்போல் தட்டு வைத்தான். அதைக் கண்டு அம்மையார் அழுதார். விக்டர் அந்தத் தட்டை எடுத்து அலமாரியில் வைத்தான். பிறகு ஒருபோதும் அதை மேசைக்குக் கொண்டுவரவில்லை.

இட்டார்டின் கற்பித்தல் ஐந்து ஆண்டுகளில் முடிந்தது. கெரின் அம்மையார் விக்டரைக் கைவிடவில்லை. அரசு அளித்த சிறு உதவித்தொகையில் பள்ளியருகே இருந்த வீட்டில் அவனை வைத்துக்கொண்டார். 1828-ல் விக்டர் இறக்கும்வரை அவருடனேயே இருந்தான். ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுக்காலம். கல்வி வரலாற்று நூல்கள் இட்டார்டை முதல் சிறப்பாசிரியர் என்கின்றன. அக்கல்வியை வீட்டில் சுமந்த பராமரிப்பாளரை ஒரு வரியில் கடந்துசெல்கின்றன. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் பெற்றோர் நடத்தப்பட்ட விதமும் இதுவே.

செகுவின்

1837-ல் இட்டார்ட் நோயுற்றிருந்தார். அறிவுசார் குறைபாடுள்ள ஒரு சிறுவனுக்குக் கற்பிக்கும் பொறுப்பு அவர் வழியாக எட்வார்ட் செகுவின் என்னும் இளைஞருக்கு வந்தது. மறு ஆண்டு இட்டார்ட் மறைந்தார். செகுவின் 1812-ல் பிரான்சின் கிளாம்சி நகரில் மருத்துவர் குடும்பத்தில் பிறந்தவர். அச்சிறுவனுடன் ஒன்றரை ஆண்டு உழைத்தார். பார்க்கவும், ஒப்பிடவும், பேசவும், எழுதவும், எண்ணவும் அவன் கற்றான். இட்டார்ட் காட்டுச் சிறுவன் என்று கருதிய ஒருவனிடம் தொடங்கியதை செகுவின் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகள் அனைவருக்கும் உரியதாக்கினார்.

அவருடைய முறை தசையில் தொடங்குவது. நிற்கத் தெரியாத குழந்தைக்கு முதலில் நிற்கப் பழக்கினார். ஏணியும் ஊஞ்சலும் எடைக்குண்டும் அவருடைய கற்பித்தல் கருவிகள். தரையில் வரைந்த காலடித் தடங்களில் கால்வைத்து நடக்கச் செய்தார். பொத்தான் போடுதல், கயிறு கோத்தல் வழியாக விரல்களைப் பழக்கினார். கை பிடிக்கக் கற்ற பிறகு கண், கண்ணுக்குப் பிறகு சொல், சொல்லுக்குப் பிறகு எண்ணம், இறுதியில் தானே விரும்பிச் செய்யும் மனவுறுதி என்று அவர் வரிசைப்படுத்தினார். இது உடலியல் கல்வி எனப்பட்டது.

1842-ல் பாரீஸின் பிசேத்ர் மருத்துவமனையில் இருந்த குழந்தைகளுக்குக் கற்பிக்க நியமிக்கப்பட்டார். நிர்வாகத்துடன் ஏற்பட்ட மோதலால் அடுத்த ஆண்டே நீக்கப்பட்டார். 1846-ல் தம் முறையை விரிவான நூலாக வெளியிட்டார். 1850-ஐ ஒட்டி அமெரிக்காவில் குடியேறினார். அங்கே அவருக்கு முன்பே அவர் கருத்துகள் சென்றிருந்தன. 1848-ல் ஹெர்வி வில்பர் மாசசூசெட்ஸ் மாகாணத்தின் பாரி நகரில் தனியார் பள்ளி தொடங்கினார். பார்வையற்றோர் கல்வியில் புகழ்பெற்ற சாமுவேல் கிரிட்லி ஹவ் அதே ஆண்டு பாஸ்டனில் பத்துக் குழந்தைகளுக்கான சோதனைப் பள்ளியை அரசு நிதியில் தொடங்கினார்.

செகுவினின் இரண்டாவது பெருநூல் 1866-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1876-ல் இத்துறை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவரானார். 1880-ல் நியூயார்க்கில் மறைந்தார்.

பள்ளி காப்பகமானது

ஹவ், செகுவின் இருவரும் கருதிய பள்ளி குழந்தை சில ஆண்டுகள் தங்கிக் கற்றுவிட்டு வீடு திரும்பும் இடம். அடுத்த முப்பது ஆண்டுகளில் அது நடக்கவில்லை. கற்று முடித்தவர்களுக்கு வெளியே வேலை இல்லை. ஏழைக் குடும்பங்களால் திரும்ப அழைத்துக்கொள்ள இயலவில்லை. பள்ளிகள் பெருத்து, ஊருக்கு வெளியே நூற்றுக்கணக்கானோர் வாழ்நாள் முழுவதும் அடைந்துகிடக்கும் காப்பகங்களாயின. குறைபாடுள்ளவர்களை இப்படி ஓரிடத்தில் குவிப்பது தவறு என்று ஹவ் 1866-லேயே எச்சரித்திருந்தார்.

இதனுடன் இனமேம்பாட்டுக் கொள்கையும் சேர்ந்துகொண்டது. பாரீஸில் ஆல்ஃபிரட் பினே, தியோடோர் சிமோன் இருவரும் 1905-ல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கினர். பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவது அதன் நோக்கம். அமெரிக்காவில் அதுவே குழந்தைகளைப் பிரித்து ஒதுக்கும் கருவியாயிற்று. 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. நாஜி ஜெர்மனி 1939 முதல் குறைபாடுள்ள குழந்தைகளை மருத்துவமனைகளிலேயே கொன்றது.

இக்காலத்தில் பெற்றோர் பெற்ற அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான். குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிடுங்கள், மறந்துவிடுங்கள், மற்றப் பிள்ளைகளைப் பாருங்கள். கற்பித்தல் வல்லுநரின் வேலை என்றும், குடும்பம் குழந்தையை ஒப்படைக்கும் இடம் என்றும் கருதப்பட்டது.

மாண்டிசோரி

செகுவினின் நூல்கள் மறக்கப்பட்டிருந்த காலத்தில் அவற்றைத் தேடி எடுத்தவர் மரியா மாண்டிசோரி. 1897 முதல் ரோம் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் உதவி மருத்துவராகப் பணியாற்றினார். மனநலக் காப்பகங்களில் பெரியவர்களுடன் சேர்த்து அடைக்கப்பட்டிருந்த குழந்தைகளை அங்கே கண்டார். உண்டு முடித்ததும் தரையில் கிடக்கும் ரொட்டித் துணுக்குகளைக் குழந்தைகள் பொறுக்குவதைப் பணிப்பெண் ஒருத்தி அருவருப்புடன் சுட்டிக்காட்டினாள். மாண்டிசோரி அந்த அறையை நோக்கினார். அதில் கையால் எடுத்துப் பார்ப்பதற்கு வேறு எதுவுமே இல்லை. குழந்தைகள் தேடியது உணவை அல்ல, கைக்கான வேலையை என்று அவர் எண்ணினார்.

இக்குழந்தைகளின் சிக்கல் மருத்துவத்தை விடக் கல்வியைச் சார்ந்தது என்ற முடிவுக்கு வந்தார். 1900-ல் ரோமில் சிறப்பாசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி தொடங்கப்பட்டபோது ஜூசெப்பே மோன்தெசானோவுடன் இணைந்து அதன் இயக்குநரானார். பகலெல்லாம் குழந்தைகளுடன் இருந்தார். இரவில் குறிப்பெழுதினார். இட்டார்ட், செகுவின் நூல்களை ஒரு சொல்லும் விடாமல் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதினார். அவசரமில்லாமல் ஒவ்வொரு சொல்லையும் எடைபோடுவதற்காகவே அப்படிச் செய்ததாகப் பின்னர் குறிப்பிட்டார்.

அவரிடம் கற்ற சில குழந்தைகள் பொதுப்பள்ளி மாணவர்களுடன் தேர்வெழுதித் தேர்ச்சி பெற்றனர். அனைவரும் வியந்தபோது மாண்டிசோரி எதிர்க்கேள்வி எழுப்பினார். குறைபாடுள்ள குழந்தைகள் இந்த அளவை எட்டுகிறார்கள் என்றால், நலமுள்ள குழந்தைகளை அதே அளவில் நிறுத்திவைத்திருப்பது எது? இக்கேள்வி அவரை வேறு திசைக்கு அழைத்துச்சென்றது. 1901-ல் அப்பள்ளியை விட்டு விலகினார். 1907 ஜனவரி 6 அன்று ரோமின் சான் லோரென்சோ ஏழைக் குடியிருப்பில் முதல் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது.

அங்கே வைக்கப்பட்ட கருவிகள் பெரும்பாலும் முந்தைய பள்ளியிலிருந்து வந்தவை. விக்டரின் உலோக எழுத்துகள் மாண்டிசோரியிடம் மர எழுத்துகளாகி, பின் விரலால் தடவி உணரும் உப்புத்தாள் எழுத்துகளாயின. செகுவின் பயன்படுத்திய பொத்தானும் கயிறும் மரச்சட்டத்தில் பொருத்தப்பட்டன. எண்களைக் கற்பிக்கும் மாண்டிசோரிப் பலகைகளில் ஒருவகை இன்றும் செகுவின் பலகை என்றே அழைக்கப்படுகிறது. முறை உலகப்புகழ் பெற்றது. அது எந்தக் குழந்தைகளிடமிருந்து வந்தது என்பது பின்னுக்குச் சென்றது.

அடையாறும் கொடைக்கானலும்

1939 நவம்பரில் மாண்டிசோரி தம் மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். பிரம்ம ஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அவரை அழைத்திருந்தனர். அடையாறில் ஓலைக்கூரைக் கொட்டகைகளில் முதல் ஆசிரியர் பயிற்சி நடைபெற்றது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து ஏறத்தாழ முந்நூறு பேர் வந்து கற்றனர்.

சில மாதங்கள் மட்டும் தங்குவதாகத் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இத்தாலியக் குடிமக்கள் எதிரி நாட்டவராயினர். மரியோ காவலில் வைக்கப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் 31 அன்று மாண்டிசோரியின் எழுபதாவது பிறந்தநாள் பரிசாகப் பிரிட்டிஷ் அரசு மகனை விடுவித்தது. போர்க்காலத்தின் ஒரு பகுதியை இருவரும் கொடைக்கானலில் கழித்தனர். அங்கே நடத்திய சிறு பள்ளியில் மிகச் சிறு வயதினரும் மூத்த குழந்தைகளும் சேர்ந்து கற்றனர். 1946-ல் மாண்டிசோரி ஐரோப்பா திரும்பினார். பச்சிளம் பருவம் பற்றிய அவருடைய முக்கியமான நூலான ‘தி அப்சார்பென்ட் மைண்ட்’ 1949-ல் அடையாறிலிருந்து வெளியானது.

மாண்டிசோரி என்னும் பெயர் அதன் பின் தமிழகத்தில் வேரூன்றியது. நகரங்களில் கட்டணம் செலுத்திப் படிக்கும் மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் அது இடம்பெற்றது. அந்தக் கருவிகளுக்கு மூலகாரணமான குழந்தைகளுக்கோ அன்றைய இந்தியாவில் பள்ளிகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்தன. 1912-ஆம் ஆண்டின் இந்திய மனப்பிறழ்வாளர் சட்டம் அறிவுசார் குறைபாடு உடையவர்களையும் மனநோயாளிகளையும் ஒரே சொல்லுக்குள் அடக்கியிருந்தது. 1987-ல் இயற்றப்பட்ட மனநலச் சட்டமே அவ்விரண்டையும் பிரித்தது.

பெற்றோர் இயக்கங்கள்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பெற்றோர் ஒருவரையொருவர் தேடத் தொடங்கினர். இங்கிலாந்தில் ஜூடி ஃப்ரைட் என்னும் தாய் 1946-ல் பெற்றோர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே இன்றைய மென்கேப் அமைப்பு. 1950-ல் அமெரிக்கப் பெற்றோர் தேசிய அளவில் ஒன்றுகூடினர். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் பேர்ல் பக் அதே ஆண்டு தம் மகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். வீட்டுக்குள் மறைத்துவைக்கப்பட்ட ஒன்றைப் புகழ்பெற்ற ஒருவர் பொதுவில் பேசியது பல குடும்பங்களுக்குத் துணிவளித்தது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் கூடுதலாக ஒரு பழியையும் சுமந்தனர். அன்பில்லாத தாயின் குளிர்ந்த நடத்தையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கருத்து 1950, 60-களில் செல்வாக்குடன் இருந்தது. புருனோ பெட்டல்ஹைம் அதை 1967-ல் வெளியிட்ட நூலில் பரப்பினார். குழந்தையைத் தாயிடமிருந்து பிரிப்பதே சிகிச்சை என்றாகியது. உளவியலாளரும் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-ல் எழுதிய நூல், ஆட்டிசம் உடலியல் சார்ந்தது என்று வாதிட்டு அப்பழியை உடைத்தது. லண்டனில் பெற்றோர் 1962-ல் சங்கம் அமைத்தனர். மூன்றாண்டுகளில் சிபில் எல்கரைத் தலைமையாசிரியராகக் கொண்டு தம் குழந்தைகளுக்கான பள்ளியைத் திறந்தனர்.

இவ்வியக்கங்கள் சட்டத்தை மாற்றின. இங்கிலாந்தில் கற்பிக்க இயலாதவர் என்று எந்தக் குழந்தையையும் கல்வித்துறைக்கு வெளியே தள்ள முடியாது என்னும் நிலை 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. பென்சில்வேனியா மாகாணப் பெற்றோர் சங்கம் தொடுத்த வழக்கு 1971-72-ல் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. 1975-ல் அமெரிக்கா முழுமைக்கும் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிக் கல்வித் திட்டம் எழுதப்பட வேண்டும், அதை எழுதும் கூட்டத்தில் பெற்றோர் அமர வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது.

வீட்டையே பள்ளியாகக் கொண்ட முயற்சி அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் போர்ட்டேஜ் என்னும் சிற்றூரில் 1969-ல் தொடங்கியது. அது கிராமங்கள் நிறைந்த பகுதி. சிறு குழந்தைகளைத் தொலைவிலுள்ள மையத்துக்கு அழைத்துவர இயலாது. ஆகவே ஆசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்குச் சென்றார். குழந்தை இப்போது செய்யக்கூடியவற்றைப் பட்டியலில் குறித்து, அடுத்த சிறு படியைத் தேர்ந்தெடுத்து, அதை எப்படிக் கற்பிப்பது என்று தாய்க்குச் செய்து காட்டினார். தாய் தம் முன் செய்து பார்க்கச் சொன்னார். அந்த வாரம் முழுவதும் கற்பிப்பவர் தாய்தான். கரண்டி பிடிப்பதைக் கரண்டி பிடிக்கும் வேளையில், அந்த வீட்டுக் கரண்டியைக் கொண்டே குழந்தை கற்றது. விக்டரின் ‘புத்தகம்’ சிக்கலுக்கு இது ஒரு விடை. வாழும் இடத்திலேயே கற்றதை வேறெங்கும் கொண்டுசெல்ல வேண்டியதில்லை. போர்ட்டேஜ் முறை பல மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்டு ஆசிய நாடுகளிலும் பரவியது.

இந்தியாவில்

இந்தியாவின் தொடக்ககால முயற்சிகளில் ஒன்று வங்காளத்தின் ஜார்கிராமில் 1933-ல் கிரிஜாபூஷண் முகர்ஜி தொடங்கிய போதனா நிகேதன். மும்பையில் ஜெய் வக்கீல் டவுன் நோய்க்குறி உள்ள தம் மகளுக்குப் பள்ளி கிடைக்காததால் 1944-ல் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். சென்னையில் பால விகார் 1950-களில் உருவானது.

மிது ஆலூர் மூளை முடக்குவாதம் உள்ள தம் மகளுக்காக இங்கிலாந்தில் பயின்று திரும்பி 1972-ல் மும்பையில் இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கத்தைத் தொடங்கினார். பூனம் நடராஜன் சென்னையில் 1985-ல் தொடங்கிய மையம் இன்று வித்யாசாகர் எனப்படுகிறது. ஆட்டிசம் உள்ள மகனின் தாயான மெர்ரி பரூவா 1991-ல் டெல்லியில் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பைத் தொடங்கினார். இம்மூவரும் தாய்மார்கள். தம் குழந்தைக்கு இடமில்லை என்று சொல்லப்பட்ட இடத்திலிருந்து தொடங்கியவர்கள்.

சென்னை தியாகராய நகரில் 1989-ல் தொடங்கப்பட்ட மதுரம் நாராயணன் மையம் பிறந்தது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கானது. இங்கே தாய் அல்லது குடும்பத்தில் ஒருவர் குழந்தையுடன் வகுப்பில் அமர்ந்து கற்கிறார். இயக்கம், தன்னுதவி, மொழி, அறிதல், சமூகப் பழக்கம் என ஐந்து துறைகளில் படிப்படியாகச் செல்லும் உபநயன் என்னும் பயிற்சித் திட்டத்தை இம்மையம் பின்பற்றுகிறது. வகுப்பில் கற்றதைத் தாய் வீட்டில் தொடர்கிறார்.

அரசின் தரப்பில் கோத்தாரி கல்விக் குழு 1966-ல் அளித்த அறிக்கை, குறைபாடுள்ள குழந்தைகளின் கல்வியைப் பொதுக்கல்வியிலிருந்து பிரிக்கலாகாது என்றது. 1974-ல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்தது. 1984-ல் தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் செகந்திராபாத்தில் அமைந்தது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005-ல் தொடங்கப்பட்டது.

சட்டங்களும் இன்றைய நிலையும்

1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்விக்கு வழிசெய்தது. அதன் ஏழு வகைப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. அதே ஆண்டு இந்தியப் பெற்றோர் சங்கங்களின் கூட்டமைப்பான பரிவார் உருவானது. ‘எங்களுக்குப் பின் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள்’ என்பது எல்லாப் பெற்றோரின் கேள்வி. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளுக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ல் அதற்கு விடைகாண முயன்றது. பெற்றோரின் மறைவுக்குப் பின்னான பராமரிப்பும் சட்டப்படியான காப்பாளர் நியமனமும் அதில் இடம்பெற்றன.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2012-ல் திருத்தப்பட்டபோது கடுமையான குறைபாடுள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கும் தெரிவைப் பெற்றனர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைகளை 21 ஆக விரித்து ஆட்டிசத்தையும் சேர்த்தது. 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கற்கும் உரிமையை உறுதிசெய்தது. தமிழகத்தில் வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் வீடுகளுக்குச் செல்கின்றனர்.

வீட்டுவழிக் கல்வி குறித்து மாற்றுக் கருத்தும் உண்டு. பொதுப்பள்ளியில் சேர்த்துக்கொள்ளாமல் குழந்தையை வீட்டிலேயே நிறுத்த அது ஒரு சாக்காகலாம் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் பேசுவோர் சுட்டிக்காட்டுகின்றனர். குடும்பம் ஆசிரியராகும்போது அச்சுமை பெரும்பாலும் தாய் ஒருவர் மேல் விழுகிறது. வேலையை விட்டவர்களும், உறவினர் வீட்டு விசேஷங்களுக்குச் செல்வதை நிறுத்திக்கொண்டவர்களும் பலர். குழந்தைக்குக் கற்பிக்கும் திட்டம் தாயின் ஓய்வையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதை இத்துறை தாமதமாகவே உணர்ந்தது.

மதிப்பீடு

இருநூறு ஆண்டுக்கால இவ்வரலாற்றில் கற்பிக்கும் நுட்பம் விரைவாகவே உருவாகிவிட்டது. புலனிலிருந்து தொடங்குதல், செயலைச் சிறு படிகளாகப் பிரித்தல், குழந்தையின் தேவையைப் பாடமாக்குதல் ஆகிய மூன்றும் 1806-க்குள் இட்டார்டின் அறிக்கைகளில் உள்ளன. உருவாகத் தாமதமானது அந்த நுட்பத்தைக் குழந்தை வாழும் வீட்டுடன் இணைக்கும் அமைப்பு.

குடும்பம் விலக்கப்பட்ட காலத்தில் நல்ல நோக்கத்துடன் தொடங்கிய பள்ளிகளும் காப்பகங்களாகச் சீரழிந்தன. குடும்பத்தை மட்டும் நம்பி அரசும் பள்ளியும் ஒதுங்கிய இடங்களில் குடும்பங்கள் தளர்ந்தன. இட்டார்டும் கெரின் அம்மையாரும் சேர்ந்து உழைத்த ஐந்து ஆண்டுகளில்தான் விக்டர் எழுத்தைக் கற்றான். பாடம் முடிந்த பின்னும் அவனுக்கு இருக்க ஒரு வீடு இருந்தது. இத்துறையின் பிற்கால முயற்சிகள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் அவ்விருவரையும் மீண்டும் ஒன்றுசேர்க்கும் முயற்சிகளே.